நாற்பது நாள் அடை

வெண்வயிற்றுக் கடற்கழுகு பினாங்குக்காரர்களுக்குப் புதிய பறவை இல்லை. தெலுக் பகாங் படகுத்துறையில் கொஞ்ச நேரம் நின்றால் தலைக்கு மேல் ஒன்று போகும். பத்து ஃபெரிங்கியில் குன்றுப் பக்கமிருந்து கடலை நோக்கி வட்டமடித்து இறங்கும். தலை, கழுத்து, வயிறு எல்லாம் வெள்ளை. முதுகு சாம்பல். குட்டையான, ஆப்பு வடிவ வால். இறக்கைகளை விரித்தால் இரண்டு மீட்டர் வரும். காற்றில் மிதக்கும்போது இரண்டு இறக்கைகளையும் சற்றே மேல்நோக்கித் தூக்கிப் பிடித்திருக்கும். தூரத்திலிருந்தே அடையாளம் சொல்ல அது போதும். நம்மவர்களில் பலர் இதையும் கருடன் என்றுதான் சொல்வார்கள். கருடன் வேறு. கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்கு மேல் வட்டமிடாதா என்று கூட்டமே அண்ணாந்து பார்க்குமே, செம்மண் நிற உடம்பும் வெள்ளைத் தலையுமாக, அது செம்பருந்து. கடற்கழுகு அதைவிட மிகப் பெரியது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எனக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான்: வட்டமடித்து முடிந்ததும் அது எங்கே போகிறது? குன்றின் காட்டுக்குள் போய் மறைந்துவிடும். அத்தோடு சரி. பறப்பது மட்டுமே அதன் வாழ்க்கை என்பது போல நமக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. அது உட்காரும் இடம், தூங்கும் விதம், பிள்ளை வளர்க்கும் பாடு எதுவும் கீழே நிற்பவர் கண்ணில் படுவதில்லை.

அதை எனக்குக் காட்டியது சிட்னி. அங்கே ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி, பாரமட்டா ஆற்றோரமாக நியூவிங்டன் காப்புக்காடு என்று ஒரு சிறிய காடு இருக்கிறது. அதில் யூகலிப்டஸ் வகை மரம் ஒன்றின் உயரமான கவட்டில் இதே வெண்வயிற்றுக் கடற்கழுகின் கூடு. பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்தக் கூட்டைக் கேமரா வைத்துக் கவனித்து, நேரலையாக யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள். இரவிலும் தெரியும், அகச்சிவப்பு வெளிச்சத்தில் எல்லாம் சாம்பலாக, பறவையின் கண் மட்டும் பளிச்சென்று. ஒலியும் உண்டு. காற்று, இலைச் சலசலப்பு, எங்கோ ஓடும் வண்டி, எல்லாம் கேட்கும்.

நான் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். ஆகஸ்டு பிறந்தால் தீபாவளி ஆர்டர் குவிய ஆரம்பிக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கே மெஷினில் உட்கார்ந்துவிடுவேன். சிட்னி நமக்கு இரண்டு மணி நேரம் முந்தியது. பினாங்கில் ஐந்து மணி என்றால் கும்மிருட்டு. அங்கே அப்போது விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஜோடி இரண்டும் அருகருகே உட்கார்ந்து கழுத்தை நீட்டிக் கூவும் நேரம் அது. வாத்தும் இல்லை, கழுகும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு கனத்த குரல். கூடு கட்டுவது, முட்டையிடுவது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் அங்கே ஜூனிலிருந்து அக்டோபர் வரை. என்னுடைய தையல் சீசனும் கழுகின் சீசனும் ஒன்றாகிப்போனது இப்படித்தான். பக்கத்தில் டேப்லட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு கை தைக்கும், கண் அவ்வப்போது அங்கே போய் வரும்.

அம்மாவுக்கு இது ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. அவருக்கு 78 வயது. கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, லயத்து வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்த்தே எங்கள் பள்ளிச் செலவைச் சமாளித்தவர். பருந்து என்றால் அவருக்குத் திருடன். தாய்க்கோழி ஒரு மாதிரியாகக் கத்தும், குஞ்சுகள் எல்லாம் அதன் இறக்கைக்குள் ஓடும், அம்மா கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு "ஊய்... ஊய்..." என்று வெளியே ஓடுவார். அதற்குள் ஒன்று மேலே போயிருக்கும்.

"குஞ்சு தூக்குற சனியனுக்குக் கேமரா வேறயா?" என்றார்.

ஆனால் முட்டை என்று வந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அடை வைப்பதில் அவருக்கு இருக்கும் அனுபவம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. பெண் கழுகு எழுந்து, அலகால் முட்டையை மெதுவாகப் புரட்டிவிட்டு, உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்து, மறுபடி அதன் மேல் படிவதைப் பார்த்தார். "தெரிஞ்ச பொம்பள" என்றார். ஆண் வந்து முறை மாற்றிக்கொண்டதைப் பார்த்தபோதுதான் நாற்காலியை என் மெஷின் பக்கம் இழுத்துப் போட்டார். சேவல் அடை உட்காராது. இங்கே ஆணும் உட்காருகிறது. பெண்தான் அதிக நேரம், ராத்திரி பெரும்பாலும் அவள்தான், ஆனால் பகலில் அவன் வந்து அவளை எழுப்பிவிட்டுத் தான் உட்காருவான். சில சமயம் அவள் எழுந்திருக்க மாட்டாள். அவன் பக்கத்தில் நின்று பார்ப்பான், ஒரு குச்சியை எடுத்து இடம் மாற்றி வைப்பான், திரும்பவும் நிற்பான்.

"எத்தனை நாளு?"

"ஏறக்குறைய நாப்பது நாள்மா."

"கோழிக்கு இருபத்தொன்னு. இதுக்கு நாப்பதா!" அதற்கப்புறம் அவர் பேச்சில் 'சனியன்' வரவில்லை.

ஒரு விஷயத்தை அம்மா சொல்லித்தான் புரிந்துகொண்டேன். கோழி தினம் ஒன்றாக முட்டை வைத்துக்கொண்டே போகும்; ஈடு முடிந்த பிறகுதான் அடை உட்காரும். அதனால் எல்லாக் குஞ்சும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிக்கும், ஒரே உயரத்தில் ஓடும். கழுகு அப்படி இல்லை. முதல் முட்டை விழுந்ததுமே காக்கத் தொடங்கிவிடும். இரண்டாவது முட்டை இரண்டு மூன்று நாள் கழித்து வரும். ஆகவே முதல் குஞ்சு பொரித்து, இரை தின்று, கழுத்து நிற்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டாவது குஞ்சு முட்டை ஓட்டை உடைக்கும். கூட்டில் பிறக்கும்போதே அண்ணன், தம்பி. அந்த இரண்டு நாள் வித்தியாசத்தில்தான் அடுத்து வரும் சண்டை எல்லாம் இருக்கிறது.

பொரிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டில் முதல் துளை விழுந்ததிலிருந்து குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேலேயே ஆகலாம். அலகு நுனியில் அதற்கென்றே ஒரு சின்ன முள் இருக்கும். அதை வைத்து உள்ளிருந்து கொத்தும், களைத்துப் போகும், ஓயும், மறுபடி கொத்தும். தாய் உதவுவதில்லை. குனிந்து பார்க்கிறாள், காது கொடுக்கிறாள், எழுகிறாள், உட்காருகிறாள். அவ்வளவுதான். அன்றைக்கு நான் இரண்டு பிளவுஸ் தைக்க வேண்டியவள் ஒன்றுகூட முடிக்கவில்லை.

வெளியே வந்த குஞ்சு உள்ளங்கை அளவு வெள்ளைப் பஞ்சு. தலை நிற்காது. அதற்கு முதல் இரை ஊட்டுவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆண் மீனோடு வருகிறான். பெண் அதைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். நகத்துணுக்கு அளவு சதையைக் கிழிக்கிறாள். அவள் அலகுக்கு அது ஒன்றுமே இல்லை. தலையை முழுதாக ஒரு பக்கம் சாய்க்கிறாள். அலகின் வளைந்த கொக்கி குஞ்சின் முகத்தில் படாமல், பக்கவாட்டில் அந்தத் துணுக்கை நீட்டுகிறாள். குஞ்சு ஆடிக்கொண்டே எங்கேயோ கொத்துகிறது. தவறிவிடுகிறது. அவள் அசையாமல் இருக்கிறாள். மறுபடி தவறுகிறது. அவள் அதே நிலையில் காத்திருக்கிறாள். மூன்றாவது முறை கிடைக்கிறது, விழுங்க முடியாமல் கீழே போடுகிறது, அவள் எடுத்துத் தான் தின்றுவிட்டு இன்னும் சின்னதாக ஒன்று கிழிக்கிறாள். உயிரோடு துடிக்கும் விலாங்கை ஆற்றிலிருந்து அள்ளி வரும் இனம் இது. அதே அலகு.

நடக்கும்போதும் கவனித்துப் பாருங்கள். குஞ்சு பக்கத்தில் இருந்தால் கழுகு விரலை விரித்து வைக்காது. நகங்களை உள்ளே மடக்கி, கையை முஷ்டி பிடித்ததுபோலக் காலைச் சுருட்டிக்கொண்டு, முட்டியால் நடப்பது மாதிரித் தத்தித் தத்தி நடக்கும். அம்மா இதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா?"

அப்புறம் வயிறு நிறைந்ததும் குஞ்சின் கழுத்துக்குக் கீழே பந்தாக ஒன்று புடைக்கும். நான் ஏதோ வீக்கம் என்று பயந்தபோது அம்மா சிரித்தார். "எரப்பைடி. நெறைஞ்சிருச்சு. இனி தூங்கும்." தூங்கியது.

அந்தச் சண்டைக்கு வருகிறேன். பெரியது சின்னதின் தலையில் கொத்தும். ஓயாமல் கொத்தும். சின்னது குனிந்து முகத்தைக் கூட்டுக்குள் புதைத்துக்கொள்ளும். இரை வரும்போது தலை தூக்கினால் அடி விழும் என்று அதற்குத் தெரிந்துவிடும். பெரியதற்கு இரைப்பை நிறைந்து அது சாய்ந்த பிறகு மெதுவாக வந்து வாய் திறக்கும். மீன் நிறைய வருகிற காலத்தில் இரண்டும் பிழைக்கும். மழையும் காற்றும் அடித்து மீன் குறைந்தால் சின்னதின் கதி நிச்சயமில்லை. தாய் குறுக்கே வந்து விலக்குவதில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். உலகம் முழுக்க இப்படி நேரலை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த இடத்தில்தான் பொறுமை போகிறது. ஏணி வைத்து ஏறி எடுக்கக் கூடாதா? தனியாக இரை வைக்கக் கூடாதா?

எடுத்தும் பார்த்திருக்கிறார்கள். 2014இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநில அரசின் கழுகுக் கேமராவில் ஒரு குஞ்சு நகர முடியாமல் கிடந்தது. இயற்கையில் தலையிடுவதில்லை என்றுதான் துறை முதலில் சொன்னது. பார்த்துக்கொண்டிருந்த மக்கள் விடவில்லை, கோரிக்கை குவிந்தது. கூட்டிலிருந்து எடுத்தார்கள். இறக்கை எலும்பு முறிந்து, சீழ் பிடித்து, காப்பாற்ற முடியாத நிலை. வலியில்லாமல் உயிர் போக்கினார்கள். 2021 ஜனவரியில் ஃபுளோரிடாவில் இன்னொன்று நடந்தது. ஒரே கூட்டில் இரண்டு குஞ்சுகளுக்கும் கண் நோய் வந்து இமை ஒட்டிக்கொண்டது. அனுமதி வாங்கி, இரண்டையும் சனிபெல் தீவிலிருக்கும் வனவிலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், மருந்து போட்டு, குணமானதும் அதே கூட்டில் திரும்ப வைத்தார்கள். பெற்றோர் ஏற்றுக்கொண்டன.

கலிஃபோர்னியாவில் பிக் பேர் ஏரிக்கரையில் ஜாக்கி, ஷேடோ என்று ஒரு வெண்தலைக் கழுகு ஜோடி இருக்கிறது. தரையிலிருந்து ஏறக்குறைய 145 அடி உயரத்தில், பைன் மரத்தில் கூடு. 2024இல் மூன்று முட்டை. பனி கொட்டக் கொட்ட ஜாக்கி எழாமல் உட்கார்ந்திருந்தாள், முதுகெல்லாம் பனி மூடித் தலை மட்டும் தெரிந்தது. மூன்றும் பொரிக்கவில்லை. "கூமுட்டை" என்று அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, அன்றைக்கு டேப்லட்டைப் பார்க்க மாட்டேன் என்று உள்ளே போய்விட்டார். கூமுட்டை என்று தெரிந்தும் உட்கார்ந்திருக்கும் கோழியை அவர் நிறையப் பார்த்தவர். அடையைக் கலைக்கும்போது அது படும் பாட்டையும் பார்த்தவர். ஜாக்கியை யாரும் கலைக்கவில்லை. நாள் கடந்து வெகு காலம் உட்கார்ந்திருந்து அவளாகவே விட்டாள். மறு வருடம், 2025இல், மறுபடி மூன்று முட்டை, மார்ச்சில் மூன்றும் பொரித்தன. மாத நடுவில் பனிப்புயல் அடித்தது. ஒரு ராத்திரிக்குள் மூன்றில் ஒன்று போய்விட்டது. மற்ற இரண்டும் ஜூனில் பறந்தன.

இதில் என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். மனிதன் போட்ட தூண்டில் முள்ளோ, நைலான் நரம்போ, எண்ணெயோ, நஞ்சோ காரணம் என்றால் ஏறி எடுக்க வேண்டும். அது நம் கணக்கு. பனியும் பசியும் அண்ணனின் கொத்தும் காரணம் என்றால் கை வைக்கக் கூடாது. கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் பெற்றோர் கூட்டைக் கைவிடும் ஆபத்து இருக்கிறது. பயந்த குஞ்சு, இறக்கை முற்றாமலே குதித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. நம் மனம் ஆற வேண்டும் என்பதற்காக அந்த ஆபத்தை அதன் தலையில் கட்டக் கூடாது. அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நோஞ்சான் குஞ்சைத் தனியே எடுத்து, அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு, ரவை ஊட்டித் தேற்றியவர் அவர். "கண்ணால பாத்துக்கிட்டே விடுறதா? நீ ஒரு மனுஷியா?" இப்படித்தான் கேட்டார். பதில் சொன்னேன், அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

2016இல் பிட்ஸ்பர்க் நகரத்துக் கூடு ஒன்றில், குஞ்சுகளுக்கு இரையாகக் கழுகு ஒரு பூனையைக் கொண்டுவந்து போட்டது. நேரலையில் பார்த்த பலர் கொதித்துப் போனார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன்.

"பூனைன்னா அழுவாங்க. என் கோழிக்குஞ்சுக்கு எவன் அழுதான்?" கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கும் புள்ள இருந்திருக்கும் போல, அப்போ" என்றார். தோட்டத்துப் பருந்தைச் சொன்னார். நான் மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுகு நேரலை பார்க்கிறேன் என்று சொல்லும் பலர் உண்மையில் பார்ப்பது துணுக்குகளைத்தான். முட்டை வெடிக்கும் முப்பது வினாடி, மீன் வந்து விழும் பத்து வினாடி, பனிக்குள்ளிருந்து தலை நீட்டும் தாய், பின்னணியில் ஒரு சோக இசை. அதைப் பார்த்தால் கழுகின் வாழ்க்கை முழுக்கச் சாகசமும் கண்ணீரும் என்று தோன்றும். முழுசாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், அதில் பெரும்பகுதி உட்கார்ந்திருப்பது. மழையில் உட்கார்ந்திருப்பது. வெயில் ஏறினால் இறக்கையைக் குடையாக்கிக் குஞ்சுக்கு நிழல் கொடுத்தபடி, தான் வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது. பச்சை இலைக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து கூட்டின் நடுவில் பரப்பி, திருப்தி இல்லாமல் எடுத்து வேறு இடத்தில் வைப்பது. பைட் கரவாங் என்று அங்கே காக்கை அளவில் ஒரு கறுப்புப் பறவை; அது கூட்டம் கூட்டமாக வந்து தலையில் இடித்துவிட்டுப் போகும். கழுகு தலையைத் தாழ்த்திக்கொள்ளும், அவ்வளவுதான். துரத்திப் போனால் முட்டை குளிர்ந்துவிடும். ராத்திரி ஆந்தை வந்து இடிக்கும். அதற்கும் தாழ்த்திக்கொள்ளும். தூண்டில் போடுகிறவர்கள் சொல்லும் பொறுமை வேறு, இது வேறு. இதற்கு எதிர்பார்ப்பு கிடையாது. உட்கார வேண்டியது வேலை, உட்கார்ந்திருக்கிறது. விளிம்புத் தையல் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அந்த நேரங்கள்தான் பிடிக்கும். துணுக்கில் அவை வராது. தயவுசெய்து ஒரு முறையாவது, எதுவுமே நடக்காத ஒரு மணி நேரத்தை முழுசாகப் பாருங்கள்.

அந்தச் சிட்னிக் கூட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அது பாரமட்டா ஆற்றங்கரை. பக்கத்தில் ஹோம்புஷ் குடா. பல பத்தாண்டுகள் ரசாயனத் தொழிற்சாலைக் கழிவு இறங்கி, டையாக்சின் என்ற நஞ்சு சேற்றில் படிந்த இடம். 2006இல் சிட்னித் துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனைத் தின்ன வேண்டாம் என்று தூண்டில்காரர்களுக்கு அறிவுரை உண்டு. கூடு இருப்பது பாலத்துக்கு மேற்கே. நான் ரசித்துப் பார்த்த அந்த நகத்துணுக்குச் சதை, அந்த ஆற்று மீன்.

நஞ்சு இந்தப் பறவைகளிடம் எப்படிச் சேரும் என்பது நன்றாகத் தெரிந்த சங்கதி. புழுவில் கொஞ்சம், புழுவைத் தின்னும் சின்ன மீனில் இன்னும் கொஞ்சம், அதைத் தின்னும் பெரிய மீனில் அதிகம், எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் கழுகில் மிக அதிகம். அமெரிக்காவில் டிடிடி பூச்சிமருந்து இதே வழியில் ஏறி, முட்டை ஓடு சுண்ணாம்பு பிடிக்காமல் மெலிந்து, அடை உட்கார்ந்த தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது. 1963இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்கப் பெருநிலத்தில் எண்ணிக் கிடைத்த வெண்தலைக் கழுகு ஜோடிகள் 417. 1972இல் டிடிடியைத் தடை செய்தார்கள். 2007இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து கழுகை எடுத்தார்கள். இப்போது 70,000 ஜோடிகளுக்கு மேல். ஜாக்கியும் ஷேடோவும் அந்தத் தடையின் பேரப்பிள்ளைகள்.

இதை அம்மாவுக்கு விளக்கிச் சொன்ன அன்று அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு தானாகவே ஆரம்பித்தார். மலேரியா ஒழிப்பு என்று ஆட்கள் லயத்துக்கு வருவார்களாம். பாய் தலையணை, சட்டி பானை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, உள்ளே சுவரெல்லாம் மருந்து அடிப்பார்களாம். காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்திருக்குமாம். பிள்ளைகள் அதில் விரலால் கோடு போடுவார்களாம். அதுவும் டிடிடிதான். அது போகட்டும், அது கொசுவுக்கு. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியதும் உண்மை. ஆனால் அம்மா மருந்தடிப்பு வேலைக்கும் போனவர். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துண்டு, கையுறை இல்லை, ரப்பர் நிரைக்கு நிரை களைக்கொல்லி. பாராகுவாட். நகம் கறுத்து உதிர்ந்ததை நான் சின்னப்பிள்ளையாகப் பார்த்திருக்கிறேன். 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரியில்தான் மலேசியாவில் அது முழுதாகத் தடையானது. அதற்குள் அம்மா வேலையை விட்டு எத்தனையோ வருடம்.

"அந்தத் தண்ணி எல்லாம் ஆத்துக்குத்தானே போச்சு" என்றார். "அங்கதான் நாங்க குளிச்சோம். மீனும் புடிச்சோம்."

கழுகு பார்ப்பது பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தப் பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. அம்மாவின் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறேன். மருந்தடிப்பைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. ஒரு முட்டை ஓட்டைப் பற்றிப் பேசப்போய் அது வந்தது.

கேமராவே கெடுதல் என்று நினைப்பவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை, முறையாக வைத்தால். முட்டைக்கு முன்பே, கூடு காலியாக இருக்கும்போது பொருத்திவிட்டு, சீசன் முடியும்வரை யாரும் மரத்தடிக்குப் போகாமல் இருந்தால் பறவைக்கு அது இன்னொரு கிளை. லங்காவியில் கிலிம் சதுப்புக்காட்டுப் பக்கம் நடப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுற்றுலாப் படகுகள் மோட்டாரை முடுக்கி நீரைக் கலக்கி, கோழித்தோலை வீசுகின்றன. செம்பருந்தும் கடற்கழுகும் கூட்டமாக வந்து பொறுக்குகின்றன. எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோழித்தோலில் பறவைக்கு வேண்டிய சத்து இல்லை என்று சூழல் ஆர்வலர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். தானாக மீன் பிடிக்கக் கற்க வேண்டிய இளம்பறவை படகுச் சத்தத்துக்குக் காத்திருக்கப் பழகுகிறது. அங்கே நாம் பக்கத்தில் இருக்கிறோம், பறவையை நமக்காக வரவழைக்கிறோம். சிட்னியில் நாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம், அதற்கு நாம் இருப்பதே தெரியாது. எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். பினாங்கில் முகா ஹெட் பக்கம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு மையம் இருக்கும் அந்தக் கரையோரக் காட்டில், நம் நாட்டுக் கடற்கழுகுக்கும் அப்படி ஒரு கேமரா முறையாக வைக்கப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நம் பிள்ளைகள் அதைத் தமிழ்ப்பள்ளியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அக்டோபர் வாக்கில் சிட்னிக் குஞ்சுகள் பறக்கத் தயாராகும். அப்போது அவை குஞ்சே இல்லை; தாய் அளவு உடம்பு, ஆனால் மேலெல்லாம் பழுப்பு. அந்த வெள்ளையும் சாம்பலும் வர நான்கைந்து வருடம் ஆகும். கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்து அடித்து ஒரு சாண் எழும்பும், பயந்து இறங்கும். பெற்றோர் இரையைக் கூட்டுக்குக் கொண்டுவருவதைக் குறைத்து, எதிர்க் கிளையில் வைத்துக்கொண்டு தின்னும். பசி தள்ளும். அப்போது எனக்குத் தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கும் நேரம். அங்கே கடிகாரத்தையும் ஒரு மணி முன்தள்ளிவிடுவார்கள், சிட்னி மூன்று மணி நேரம் முந்திப்போய்விடும். பறந்த கணத்தை நான் பெரும்பாலும் தவறவிட்டுவிடுவேன். அம்மாதான் பார்த்துச் சொல்வார்.

சிட்னியில் சீசன் முடிந்து கூடு காலியானதும் இங்கே தொடங்கிவிடும். நம் பகுதியில் இந்தக் கழுகு ஆண்டுக் கடைசியிலிருந்து கூடு வைக்கும். உயரமான மரம் கிடைக்காவிட்டால் தொலைத்தொடர்புக் கோபுரத்திலும் வைக்கும். திரையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இப்போது நிறையப் பிடிபடுகிறது. காலில் குச்சியோடு போகிறதா, மீனோடு போகிறதா, மீனோடு போய் வெறுங்காலோடு திரும்புகிறதா என்று பார்ப்பேன். வெறுங்காலோடு திரும்பினால் உள்ளே வாய்கள் இருக்கின்றன. சென்ற ஜனவரியில் பினாங்குத் தீவில் ஒரு கூடு இருக்கும் இடம் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அம்மாவைக் காரில் கூட்டிப்போய்த் தூரத்தில் நிறுத்திக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். குஞ்சு தெரிகிறதா என்றார். தெரியாது, அடியிலிருந்து பார்த்தால் குச்சிக் குவியல்தான் தெரியும் என்றேன். ஆண் கழுகு மீனோடு வந்ததைப் பார்த்தார். என்ன மீன் என்று எங்களுக்குள் வாக்குவாதம். மடவை என்றார் அவர்.

அந்த இடம் எது என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள், படமெடுக்கிற நண்பர் ஒருவர் ட்ரோனை அனுப்பிப் பார்க்கலாமே என்றும் கேட்டார். யாருக்கும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. நீங்களாக ஒன்றைக் கண்டுபிடித்தால், நல்ல தூரம் தள்ளி நின்று பாருங்கள். பறவை உங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினால் அதுவும் அதிகக் கிட்டம், பின்னால் வாருங்கள். படம் போட்டால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். இந்த வருடச் சிட்னி முட்டைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. போன தடவை எந்தத் தேதியில் முதல் முட்டை என்று அம்மா காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார், கோழிக்கு அடை வைத்த நாளைக் குறித்ததுபோலவே, மஞ்சள் தொட்டு.